ஒரு ஏரியல், எட்டுச் செப்புக் குடம், ஒரு முனி

போன மாசியில் மொட்டப்பாறைக்கு ஏறிப்போய் வந்த இரண்டு பிள்ளைகள், இறங்கும் வழியில் டிக்கோயாவில் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் நான் ஓய்வுபெற்ற அதே தொழிலில் இருக்கிறவர்கள். ஒரே டவரில் ஏழெட்டுக் கம்பெனிகளின் பெட்டிகளை மாட்டிவிட்டு, சந்தைக்குப் போய்வந்த மாதிரி சாதாரணமாக இறங்கி வருகிறவர்கள். தேநீரைக் குடித்துக்கொண்டே ஒருவர் கேட்டார்.

“ஐயா, அங்க டவருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு முனி இருக்குங்களே. சூலத்துல சங்கிலி சுத்தியிருக்கு, அது சரி. கூடவே ஒரு குதிர லாடம் தொங்குது. முனிக்கு எதுக்குங்க குதிர லாடம்?”

அடுப்படியிலிருந்து என் மனைவி சரசு சிரித்த சத்தம் வாசல்வரை கேட்டது. “மாட்டிக்கிட்டீங்களா? சொல்லுங்க, சொல்லுங்க. என்னையக் கட்டுன கதையும் அதுக்குள்ளதான இருக்கு” என்றாள்.

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர்களுடைய ஹட்டன் பஸ் போய்விட்டது. போகும்போது, இதை எழுதி வையுங்கள் என்றார்கள். எழுதுவதில் எனக்கு ஒரு பழைய பாக்கியும் இருக்கிறது. அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன்.

நான் பிறந்தது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். பெயர் மருதை. அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோதைக்குப் பக்கத்தில் வேலை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு ஹட்டனில் படித்து, ஹட்டன் கடைவீதியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் நான்கு வருடம் ஈயம் உருக்கினேன். எந்த வால்வு எப்போது செத்துப்போகும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுமளவுக்குத் தேறினேன். படிப்பு அவ்வளவுதான். நாற்பத்தெட்டில் வந்த குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்து ஆட்களிடம் இந்த நாட்டுக்காரர் என்று சொல்லும் கடதாசி இல்லை. அரசாங்க வேலைக்கு மனுப் போடவே முடியாது. ஆகவே, அறுபதுகளின் தொடக்கத்தில் கொழும்புக் கம்பெனி ஒன்று மொட்டப்பாறை உச்சியில் வயர்லஸ் நிலையம் போட ஆள் தேடியபோது, நான் ஓடினேன் என்று சொல்வது சரியில்லை. பறந்தேன்.

அங்கே வைத்த பெட்டிக்கு ரிப்பீட்டர் என்று பெயர். பள்ளத்தில் இருக்கிற ஒருவர் பேசுவது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குக் கேட்காது. நடுவில் மலை நிற்கிறது. உச்சியில் இருக்கும் பெட்டி ஓர் அலைவரிசையில் அவர் பேச்சைக் கேட்டு, கேட்ட கணமே இன்னோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. எங்களிடம் அப்படி இரண்டு பெட்டிகள். ஒன்று தோட்டத் துரைமாருக்கும் லொறிகளுக்கும். மற்றது தோட்டத்து ஆஸ்பத்திரிகளின் அம்புலன்ஸ் வண்டிகளுக்கு. மாஸ்டின், அதாவது உயர்ந்த இரும்புக் கம்பத்தின், உச்சியில் இரண்டுக்கும் தனித்தனி ஏரியல்.

என் மேலதிகாரி இராசநாயகம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரர். குளிருக்குக் கழுத்தில் பழுப்பு மப்ளர், காதில் பென்சில். நிலையத்துக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் வேலை சரியாக இருந்தால் “ம்” என்பார். தப்பாக இருந்தால் அதே “ம்”தான், கொஞ்சம் நீளமாக இருக்கும். அவர் வாயிலிருந்து ஒரு நாளில் அதிகம் வரும் வார்த்தை “எழுதினீரோ?” என்பதுதான். ஒரு கொப்பி இருந்தது. மணி, வானிலை, மீட்டர் முள் எங்கே, இரைச்சல் உண்டா, காரணம் என்ன என்று ஐந்து கட்டம். மணிக்கு ஒரு தடவை அதை நிரப்ப வேண்டும். மனுஷன் தும்மினால்கூட எழுதச் சொல்வாரோ என்று எனக்குச் சந்தேகம். ஒரே ஒரு பலவீனம்: சித்திரையில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் தொடங்கிவிட்டால், அந்த ஒரு வாரம் ஐயாவை மலையில் பார்க்க முடியாது.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். அழகம்மா அக்கா. மொட்டப்பாறைக்குக் கீழே இருந்த மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களில் அவர்தான் குரல். எங்கள் ஆட்கள் ஒரு வேலையைத் தொடங்கினால் அந்த வேலைக்கு ஒரு சாமியையும் கூடவே வைத்துவிடுவார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துச்சாமி, கொழுந்து எடுக்கும் மலையில் கொழுந்துச்சாமி, ஸ்டோரில் இயந்திரங்களைக் காக்க ரோதமுனி. மாஸ்டுக்குக் குழி தோண்ட மண்ணும் சீமெந்தும் சுமந்தவர்கள் அக்காவின் ஆட்கள்தான். வேலைக்கு முன்னால் அக்கா குழிக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லையும் சூலத்தையும் நட்டு, மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டினார். அன்றிலிருந்து அது ஏரியல் முனி. வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா மேலே வந்து மூன்று குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்.

முதல் வருடம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆனி மாதக் காற்று வந்து ஓர் ஏரியலைப் பிடுங்கிக்கொண்டு போனது; மாஸ்டும் சற்று வளைந்தது. அந்த மாஸ்ட் இனி இரண்டு ஏரியலைத் தாங்காது, அது எங்களுக்கே தெரிந்தது. இன்னொரு மாஸ்ட் போடத் துரை இடம் தர மாட்டார். கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ஐயா நின்றபடியே வாசித்துக் காட்டினார்.

“ஒரே ஏரியலில் இரண்டு பெட்டியையும் ஓட்டிக் காட்ட வேணுமாம். மாசிக் கடைசியில் கம்பெனிப் பெரியவர் நேரே வந்து பார்ப்பாராம். ஓடினால் நிலையத்துக்கு ஒரு நிரந்தர ஆள், உம்மட பேர் போட்டிருக்கு. ஓடாட்டி அம்புலன்ஸ் பெட்டியை மூடுறதாம். ஒரு பெட்டிக்கு ஆள் தேவையில்லையாம்.”

அந்த நிரந்தரம் எனக்கு வேண்டியிருந்தது. காரணம் பூண்டுலோயாவில் இருந்தது. பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்துக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சரசு வேலை பார்த்தாள். அவளுடைய அப்பா என்னிடம் நேராகவே சொல்லியிருந்தார். “வேல நெரந்தரம்னு கடிதாசியக் கொண்டாங்க தம்பி, மறுநாளே பரிசம். இல்லாட்டி நானும் பொண்ணப் பெத்தவன்தான, வேற எடம் பாக்கணும்ல?” அவர்மேல் தப்பில்லை. தற்காலிக ஆளுக்குத் தற்காலிகமாகப் பெண் கொடுக்க முடியாதே.

ஒரே ஏரியலில் இரண்டு ரிப்பீட்டர் என்பது எவ்வளவு கிறுக்குத்தனமான காரியம் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏரியல்தான் வாய், ஏரியல்தான் காது. ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே, அதே வாயால், பத்து மைலுக்கு அப்பால் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்க வேண்டும். அப்படி இரண்டு பேர், ஒரே வாயை வைத்துக்கொண்டு. ஐயா இதை விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஹட்டனில் ஒரு செம்புக் கடைக்காரரிடம் போய், இத்தனை அங்குல உயரம், இத்தனை அங்குல வாய் என்று எட்டுச் செப்புக் குடங்கள் அடித்துத் தரச் சொன்னார். குடம் என்று நாங்கள்தான் சொன்னோம். பார்க்க மூடிபோட்ட குழாய் மாதிரி இருக்கும். உள்ளே நடுவில் ஒரு செப்புத் தண்டு, அதை ஏற்றி இறக்க மேலே ஒரு திருகு.

காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் நேரத்தில், நாலு கங்காணிமார் ஒரே நேரத்தில் பேர் கூப்பிட்டாலும், அவரவர் ஆள் அவரவர் கங்காணிக்குத்தானே பதில் சொல்வார். குடம் செய்வதும் அதைத்தான். எந்த அலைவரிசைக்குத் திருகி வைக்கிறோமோ அதை மட்டும் உள்ளே விடும், மற்றதை வாசலிலேயே நிறுத்திவிடும். பெட்டிக்கு நான்கு குடம்: கேட்கும் பக்கம் இரண்டு, சொல்லும் பக்கம் இரண்டு.

அதைத் திருகுவது ஒரு தவம். ஐயா சொல்லிக்கொடுத்த முறை இது. முதலில் கையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். திருகைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். மீட்டர் முள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறி, நின்று, இறங்கத் தொடங்கும் இடத்தில் மயிரிழை பின்னால் வந்து பூட்டு நட்டை இறுக்க வேண்டும். உடனே கையை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் அறைக்கு வெளியே நிற்க வேண்டும். நம் உள்ளங்கைச் சூட்டுக்கே செம்பு விரிந்து கணக்குத் தப்பிவிடும். பத்து நிமிடம் கழித்து உள்ளே போய்ப் பார்த்தால் முள் எங்கேயோ இருக்கும். மறுபடி முதலிலிருந்து. எட்டுக் குடத்துக்கும் இப்படி. மார்கழிக் குளிரில் வெளியே நின்று பல் தந்தியடிக்க, ஐயா மட்டும் ஆடாமல் நிற்பார்.

“எழுதினீரோ?”

“எழுதிட்டேன்ங்க ஐயா.”

“ம்.”

தை பிறப்பதற்குள் எட்டும் நின்ற இடத்தில் நின்றன. ஒரு பெட்டியை மட்டும் பேச விட்டோம். கண்ணாடி மாதிரி இருந்தது. மற்றதை மட்டும் பேச விட்டோம், அதுவும் அப்படியே. இரண்டையும் ஒன்றாகப் பேச விட்டோம். தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டின மாதிரி ஓர் இரைச்சல். அதைவிடக் கொடுமை, அம்புலன்ஸ் பெட்டி அந்த இரைச்சலையே யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து, திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தது. சுவிட்சை அணைத்தால்தான் வாயை மூடும்.

அன்றிலிருந்து ஐயா குடங்களைச் சந்தேகிக்க ஆரம்பித்தார். புதிதாக வந்தவை அவைதானே. கழற்றினோம், துடைத்தோம், மாட்டினோம், திருகினோம். கேபிளை மாற்றினோம். மாஸ்டின் ஒவ்வொரு போல்ட்டையும் நான் கையால் அசைத்துப் பார்த்தேன். உச்சித் துண்டுக்கு மட்டும் ஐயா என்னை விடவில்லை. “அது வளைஞ்சிருக்கு, நீர் ஏற வேண்டாம். அதை நான் பார்த்திட்டன்” என்றார். என் உயிர்மேல் அவருக்கு எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மழை பெய்தால் இரைச்சல் இல்லை. மழையில் கெட்டு வெயிலில் வேலை செய்கிற சாமான்களைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. எங்களுடையது நனைந்தால் பாடும், காய்ந்தால் கத்தும். மாசி வந்தது, வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாகக் கிடந்தது. அந்தக் குளிர் நாட்டில் காலையில் எழுந்து வெயிலைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

பெரியவர் திங்கட்கிழமை வருகிறார். அதற்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேறு வேலை ஓடவில்லை. இரைச்சலை அளக்கும் மீட்டரில் முள் எவ்வளவு ஏறியது என்று வரிவரியாகப் பார்த்தேன். வெயில், இரைச்சல், முள் நாற்பது. வெயில், இரைச்சல், முள் நாற்பது. மழை, இல்லை, பூஜ்யம். திடீரென்று ஒரு வரி: வெயில், இரைச்சல், முள் இருபது. தேதியைப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குத் திருப்பினேன். பத்து மணிக்கு இருபது. பன்னிரண்டுக்கு மறுபடி நாற்பது. எல்லா வெள்ளியும் அப்படியே. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெயிலில் இந்த மலையில் நனைகிற பொருள் ஒன்றே ஒன்றுதான்.

கொப்பியை மூடிவைத்தேன். அந்தப் பொருளை அங்கே கட்டியது நான்.

கொழும்புக் கடிதம் வந்த வாரம், அப்பாவிடம் சொல்லி ஸ்டோரிலிருந்து ஒரு பழைய இரும்புச் சங்கிலி வாங்கி வந்தேன். ரோதமுனிக்கு அப்பாமார் நேர்ந்துகொள்வது அப்படித்தான், முனி என்றால் சங்கிலிதான் காணிக்கை. வேலை நிரந்தரமானால் ஆண்டுதோறும் பொங்கல் வைக்கிறேன் என்று நேர்ந்து, சூலத்தில் தொடங்கி மாஸ்டின் காலில் ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். ஐயா அதைப் பார்த்து, “உதென்ன?” என்று கேட்டார். “சாமி காரியம்ங்க” என்றேன். அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். மற்றவர் நம்பிக்கையை மதிக்கிற மனுஷன் என்று அப்போதும் நெகிழ்ந்தேன். அந்த வருடம் நான் அநியாயத்துக்கு நெகிழ்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடித்து ஐயா மேலே வரும்வரை வாசலில் நின்றேன். சொன்னால் வேலை போகலாம். தன் குடங்களை இரண்டு மாதம் வீணாகக் கழற்றவைத்த ஆளை எந்த அதிகாரி வைத்திருப்பார்? சொல்லாவிட்டால் திங்கட்கிழமை எப்படியும் போகும். சொல்லித் தொலைப்போம் என்று கொப்பியை நீட்டினேன்.

“ஐயா, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பாதி கொறையுதுங்க. அழகம்மா அக்கா தண்ணி ஊத்துற நேரம். அந்தச் சங்கிலிய நான்தான்ங்க கட்டுனேன். இந்த வேலைக்காக நேந்து கட்டுனேன்.”

அவர் கொப்பியையே பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகுதான் விளக்கினார். துருப்பிடித்த இரும்புக் கண்ணிகள் ஒன்றையொன்று லேசாக உரசிக்கொண்டிருக்கும் இடத்தில் இரண்டு பெட்டிகளின் குரலும் கலந்து, மூன்றாவதாக ஒரு குரல் பிறந்துவிடுமாம். பிறந்தது போய் உட்கார்ந்த அலைவரிசை, அம்புலன்ஸ் பெட்டி காதுகொடுத்துக் கேட்கிற அதே அலைவரிசை. தண்ணீர் பட்டால் துருவின் இடுக்கெல்லாம் நனைந்து கலப்பு நின்றுவிடும். குடங்கள் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

“கழட்டும்” என்றார்.

கழற்றுவது என் கையில் இல்லை. முனிக்குக் கொடுத்ததை எடுக்க அழகம்மா அக்காவைக் கேட்க வேண்டும். ஓடிப்போய் லயத்திலிருந்து அழைத்து வந்தேன். அக்கா இடுப்பில் கைவைத்து எல்லாவற்றையும் கேட்டார்.

“குடுத்தத திருப்பி எடுக்கப்படாது தம்பி. அது முனியோட சங்கிலி.”

“எடுக்கலக்கா. தள்ளி வைக்கணும். முனியவே கொஞ்சம் தள்ளி...”

ஐயா நீளமாக “ம்” என்றார். அக்கா சூலத்தைப் பார்த்தார், மாஸ்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகம் பார்க்கச் சகிக்காத நிலையில் இருந்திருக்க வேண்டும்.

“முனி காவக்காரன்தான. காவக்காரன் ஒரே எடத்துலயா நிப்பான், எல்லைய சுத்தித்தான வருவான். நடத்திக் கூட்டிட்டுப் போறேன். எங்க நிக்கணும்னு நீங்க சொல்லுங்க” என்றார்.

அன்று நடந்தது மாதிரி ஒரு காரியம் என் தொழிலில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கற்பூரம் காட்டி, சங்கிலியை மாஸ்டிலிருந்து அவிழ்த்து, சூலத்தைப் பிடுங்கி, அக்கா இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி ஓர் அடியாக நடந்தார். நான் அறைக்குள் மீட்டரைப் பார்த்து ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தேன். ஐயா கதவில் நின்று அடிகளை எண்ணினார்.

“முப்பத்தஞ்சுங்க. இன்னும் போங்கக்கா.”

“முனி வருது, வருது” என்று அக்கா.

“இருபத்தெட்டுங்க. இன்னும்.”

“வழி விடுங்க புள்ள” என்று வேடிக்கை பார்க்க வந்த பெண்களைப் பார்த்து அக்கா.

இருபதில் முள் நின்றது. ஐயா அந்த இடத்தில் ஒரு கல்லைப் போடச் சொன்னார். இன்னும் போகச் சொன்னார். அக்கா போனார். இருபது. தேயிலைச் செடிகளுக்குள் இறங்கினார். இருபது. விட்டால் முனியைப் பூண்டுலோயாவுக்கே நடத்திக்கொண்டு போய்விடுவார் போலிருந்தது. முள் அசையவில்லை.

“தம்பி, முனிக்கு மூச்சு வாங்குது” என்றார் அக்கா கீழேயிருந்து.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதி போய்விட்டது, பாதி இருக்கிறது. பாதி இரைச்சலுக்கும் பெட்டி கத்தத்தான் செய்யும். பாதி வேலை என்று ஒன்று கிடையாது. பாதிப் பெண்ணும் கிடையாது. ஐயாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி மாஸ்டின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

மப்ளரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இடுப்புப் பட்டையை மாட்டினார். ஐம்பது வயது மனுஷன், மாஸ்டில் ஏறினார். வளைந்த உச்சித் துண்டில், ஏரியலுக்கு ஒரு முழம் கீழே, எதையோ அவிழ்க்கக் கஷ்டப்பட்டார். நான் மீட்டருக்கு ஓடினேன். இருபது, இருபது, பதினைந்து, முள் ஒரு தடவை துள்ளியது. பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு பெட்டியும் வெயிலில், ஒன்றாக, கண்ணாடி மாதிரி.

நான் வெளியே ஓடி வந்து கத்தினேன் என்று அக்கா சொல்வார். எனக்கு நினைவில்லை. கொழுந்துப் பெண்கள் குலவையிட்டது நினைவிருக்கிறது. ஐயா இறங்கி வந்தார். கைக்குட்டைக்குள் எதையோ மறைத்திருந்தார். அழகம்மா அக்காவிடமிருந்து எதையும் மறைக்க முடியாது.

“ஐயா, கையில என்னாங்க?”

அவர் கைக்குட்டையை விரித்தார். துருப்பிடித்த ஒரு குதிரை லாடம், கட்டின இரும்புக் கம்பியோடு. அதிர்ஷ்டம் வரட்டும் என்று லயத்து வாசற்படியில் எங்கள் ஆட்கள் அடிக்கிற அதே சாமான், நுவரெலியாப் பந்தயத் திடலில் பொறுக்கியதாக இருக்க வேண்டும். உச்சித் துண்டில் என்னை ஏறவிடாத அக்கறையின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரித்தால் வேலை போய்விடும் என்று பயம்.

“இதுவும் நேந்துகிட்டதுதான?” என்றார் அக்கா. “அப்ப இதுவும் முனிக்குத்தான். குடுங்க.”

“நான் வேதக்காரன் அல்லோ.”

“முனிக்கு அந்த வித்தியாசமெல்லாம் கெடையாதுங்க.”

கல் போட்ட இடத்தில் முனியின் பழைய கல்லையும் கொண்டுவந்து வைத்து, சூலத்தை நட்டு, சங்கிலியைச் சுற்றி, லாடத்தையும் மாட்டினார். ஐயா மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “சரி, அதில இருக்கட்டும்” என்றார். மீட்டர் சம்மதித்த இடத்தில்தான் முனி இன்றுவரை நிற்கிறது.

கொப்பியில் எழுதினேன். வெயில், இல்லை, பூஜ்யம். கடைசிக் கட்டத்தில், காரணம் என்ற இடத்தில், பென்சிலை வைத்தபோது ஐயா குறுக்கே கை நீட்டினார்.

“காரணம் எழுத வேண்டாம்.”

இராசநாயகம் ஐயா எழுத வேண்டாம் என்று சொன்ன ஒரே தடவை அதுதான். அந்தக் கட்டம் வெறுமையாகவே போனது.

திங்கட்கிழமை பெரியவர் வந்தார். அப்படியொரு வெயில். ஒரு பெட்டியில் ஒரு துரை உர லொறி ஏன் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். அதே நேரம் மற்றதில் பூண்டுலோயாப் பக்கத்து அம்புலன்ஸ் சாரதி, பிரசவத்துக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சியை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். பின்னால் அந்தப் பெண் முனகியதுகூடத் தெளிவாகக் கேட்டது. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் காதைச் சாய்த்துக் கேட்டார். “ஒரே ஏரியலா?” என்று இரண்டு தடவை கேட்டார். எட்டுக் குடத்தையும் தட்டிப் பார்த்தார். முனியை அவர் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு நானும் அக்காவும் பொழுதெல்லாம் அந்த லாடத்தைப் பற்றித்தான் பேசினோம். சித்திரைப் பந்தயத்தில் எந்தக் குதிரைக்காக ஐயா நேர்ந்திருப்பார், அது முதலில் வருமா கடைசியில் வருமா என்று எங்களுக்குள் ஒரே கேலி. இரும்பு முகமும் மிஷன் படிப்புமாக இருந்துகொண்டு மனுஷன் குதிரைக்காகக் கம்பத்தில் ஏறியிருக்கிறாரே என்று அக்கா நெஞ்சில் கைவைத்துச் சிரிப்பார்.

பங்குனியில் கடிதம் வந்தது. ஐயா அதை மலைக்கு அவரே கொண்டுவந்தார். நிரந்தரம் என்ற வார்த்தையை நான் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நிமிர்ந்தால், அவர் கையில் இரண்டு தேங்காய்.

“ஒண்டு சங்கிலிக்கு. மற்றது லாடத்துக்கு” என்றார். “வாரும், உடைப்பம்.”

“ஒங்க பந்தயம் இன்னும் வரலீங்களே ஐயா.”

“எந்தப் பந்தயம்?”

“அந்த லாடம்ங்க...” என்று இழுத்தேன். அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். என்னைப் பார்க்காமல், மாஸ்டைப் பார்த்துச் சொன்னார்.

“கொழும்பால கடிதம் வந்த அண்டைக்குக் கட்டினது அது. உமக்கு இந்த வேலை கிடைக்க வேணுமெண்டு. ஒரே விண்ணப்பத்தை நாங்கள் ரெண்டு பேரும் மேல அனுப்பியிருக்கிறம் காணும். அதுதான் அவ்வளவு இரைச்சல்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எது முந்துவது என்று தெரியாமல் நின்றேன். அவர் தேங்காயை ஓங்கிக் கல்லில் அடித்தார். யாழ்ப்பாணத்துக்காரர்கள் நன்றாகத் தேங்காய் உடைப்பார்கள். இரண்டும் சரிபாதியாக விழுந்தன.

வைகாசியில் சரசுவைக் கட்டினேன். ஐயா முன்வரிசையில், உட்கார்ந்து, சாப்பிட்டார். பிறகு அவர் யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்றும் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, வெறுமையாக இருந்த கட்டத்தின்மேல் பென்சிலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மூடினார்.

நான் சொன்ன பழைய பாக்கி அதுதான். காரணம் எழுதிவிட்டேன், ஐயா.